டேர், டீ, டாஸ்: ஜேர்மன் பெயர்ச்சொற்களை எந்த வழியில் படிப்பது?

மட்டக்களப்பில் ஜேர்மன் மொழி படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தேவைகளில் ஒன்றோடு வருகிறார்கள். கணவரோ மனைவியோ ஜேர்மனியில் இருக்கிறார். குடும்ப இணைவு விசாவுக்கு மொழித் தேர்ச்சியின் முதல் படியான ஏ1 நிலைச் சான்றிதழ் வேண்டும். அல்லது அங்கே தாதியர் பயிற்சிக்குப் போக வேண்டும். அதற்கு பி1, பி2 என்று மேலே ஏற வேண்டும். தேவை எதுவானாலும் முதல் மாதம் முடிவதற்குள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து தடுக்கி நிற்கிறார்கள். மேசை ஆண்பால், கதவு பெண்பால், புத்தகம் இரண்டுமில்லாத நடுப்பால். மேசைக்கு முன்னால் 'டேர்', கதவுக்கு முன்னால் 'டீ', புத்தகத்துக்கு முன்னால் 'டாஸ்' வருகிறது. அதோடு முடிந்துவிடுவதில்லை. அந்த மேசை வசனத்தில் செயப்படுபொருளாக வந்தால் 'டேர்' என்பது 'டேன்' ஆகிறது. 'மேசையோடு' என்றால் 'டேம்', 'மேசையின்' என்றால் 'டெஸ்'.

இதைப் படிக்கும் வழியை விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் அதன் பாலோடு சேர்த்து மனனம் செய்யச் சொல்கிறார் ஒருவர். விகுதியைப் பார்த்தே பாலைக் கண்டுபிடிக்கலாம், அந்த விதிகளைப் படித்தால் போதும் என்கிறார் இன்னொருவர். அட்டவணையைத் தலைகீழாக ஒப்புவிக்கும் வரை வேறொன்றையும் தொடாதே என்பது மூன்றாமவரின் கட்டளை. இலக்கணத்தை விட்டுவிடு, முழு வசனங்களைக் கேட்டுக்கொண்டே இரு, எல்லாம் தானாக வரும் என்பது நாலாவது. கல்லடியில் சில பிள்ளைகளுக்கு ஜேர்மன் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இந்த நாலு வழிகளிலும் வந்தவர்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. தமிழில் படித்து வளர்ந்த ஒருவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கையில் கிடைக்கும் ஆலோசனைகளில் அநேகமானவை ஆங்கிலம் பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்குக் கடினமான இடம் வேறு, நமக்குக் கடினமான இடம் வேறு.

வேற்றுமை நமக்குப் புதிதல்ல

ஜேர்மனில் நாலு வேற்றுமை. தமிழில் எட்டு. சாதாரண தரம் வரை தமிழ் படித்த பிள்ளைக்கு ஐ, ஆல், கு, இன், அது, கண் என்ற வரிசை எங்கேயாவது மனதின் ஓரத்தில் கிடக்கும். ஜேர்மன் இலக்கணத்தில் 'நொமினாட்டிவ்' என்பது நமது எழுவாய் வேற்றுமை. 'அக்குஸாட்டிவ்' பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமை. 'டாட்டிவ்' பெரும்பாலும் நான்காம் வேற்றுமை. 'கெனிட்டிவ்' ஆறாம் வேற்றுமை.

இந்தப் பொருத்தம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'ஹெல்ஃபென்' என்றால் உதவுதல். அதற்குப் பின்னால் டாட்டிவ் வர வேண்டும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர் இதை ஒரு விதிவிலக்காக எழுதி வைத்து மனனம் செய்கிறார். நாமோ 'நோயாளிக்கு உதவுகிறேன்' என்றுதான் பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறோம். கு உருபு தானே வந்து உட்காருகிறது. நன்றி சொல்லும் 'டாங்கென்' அப்படியே: உங்களுக்கு நன்றி. பதில் சொல்லும் 'அன்ட்வோர்டென்' அப்படியே: ஆசிரியருக்குப் பதில் சொன்னேன். பிடித்தலைக் குறிக்கும் 'கெஃபாலென்', சொந்தமாதலைக் குறிக்கும் 'கெஹோரென்' இரண்டிலும் 'எனக்கு' என்பதே வருகிறது. குளிர் காலத்தில் ஒரு ஜேர்மன்காரர் 'மியர் இஸ்ட் கால்ட்' என்பார். எனக்குக் குளிர்கிறது. இதில் 'நான்' என்ற எழுவாயே கிடையாது. ஆங்கிலம் வழியாகப் படித்த பிள்ளை இதே கருத்துக்கு 'நான் குளிராக இருக்கிறேன்' என்ற அமைப்பில் வசனம் கட்டிவிட்டு, ஏன் பிழை என்று கேட்கிறது. தமிழில் யோசித்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது.

பொருந்தாத இடங்களும் உண்டு. அவை கொஞ்சம்தான், ஆனால் அடிக்கடி வருபவை. 'பாடசாலைக்குப் போகிறேன்' என்று நினைக்கும்போது கு உருபு டாட்டிவை நோக்கி இழுக்கும். ஆனால் 'இன்' என்ற இடைச்சொல்லைப் போட்டுச் சொன்னால் போகும் திசைக்கு அக்குஸாட்டிவ் வர வேண்டும்: 'இன் டீ ஷூலெ'. பாடசாலையில் இருக்கிறேன் என்றால்தான் டாட்டிவ்: 'இன் டேர் ஷூலெ'. இப்படி நகர்ந்தால் ஒன்றும் இருந்தால் ஒன்றும் கேட்கும் இடைச்சொற்கள் ஒன்பது. அதே கருத்தை 'ட்ஸு' என்ற இடைச்சொல்லால் சொன்னாலோ எப்போதும் டாட்டிவ்தான், 'ட்ஸுர் ஷூலெ' ('ட்ஸு', 'டேர்' இரண்டும் சேர்ந்தால் 'ட்ஸுர்'); அங்கே நமது கு உருபு சரியாகவே வழிகாட்டும். இன்னும் இரண்டு: 'ஆசிரியரிடம் கேட்டேன்' என்கிறோம், ஜேர்மனில் 'ஆசிரியரைக் கேட்டேன்' என்ற அமைப்பு வருகிறது. 'தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்' என்கிறோம், அங்கே தம்பி இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறார். பொருந்தாத இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும். மற்ற இடங்களில் தமிழை நம்பலாம்.

கடினம் முழுவதும் பாலில் இருக்கிறது. நமது இலக்கணம் பொருளைப் பார்த்துப் பாலைத் தீர்மானிக்கிறது. மனிதர் என்றால் ஆண், பெண். மற்றவை ஒன்று, பல. ஜேர்மன் அப்படிச் செய்வதில்லை. சாப்பாட்டு மேசையில் இருக்கும் கரண்டி 'டேர் லோஃபெல்', முள்ளுக்கரண்டி 'டீ காபெல்', கத்தி 'டாஸ் மெஸ்ஸர்'. நாம் சூரியன், சந்திரன் என்று இரண்டையும் ஆணாக்கி வைத்திருக்கிறோம். அங்கே சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல் நடுப்பால். யோசித்துக் கண்டுபிடிக்க இதில் வழியில்லை. பால் தெரியாவிட்டால் வேற்றுமை எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தும் பயனில்லை. 'மேசைக்கு' என்பது டாட்டிவ் என்று தெரிகிறது. 'டேம்' போடுவதா 'டேர்' போடுவதா என்பதை மேசையின் பால்தானே தீர்மானிக்கிறது?

ஆகவே நாலு வழிகளையும் நான் ஒரே கேள்வியை வைத்து அளக்கிறேன்: பாலை மனதில் நிலைக்க வைப்பது எது?

சொல்லோடு சேர்த்து மனனம் செய்தல்

இது பழைய வழி, அலுப்பான வழி. என் கணிப்பில் தொடக்கக்காரருக்கு இதுவே சரியான வழி. காரணம் தொகையில் இருக்கிறது. ஜேர்மன் மொழிப் பரீட்சைகளை நடத்தும் கோதே நிறுவனம் ஏ1 பரீட்சைக்காக வெளியிட்ட சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள் உள்ளன. அவற்றில் வினைகளையும் உரிச்சொற்களையும் இடைச்சொற்களையும் கழித்துவிட்டால் மிஞ்சும் பெயர்ச்சொற்கள் சில நூறுதான். நாளைக்கு ஐந்து ஆறு என்று படித்தாலே சில மாதத்தில் முடிந்துவிடும். பி1 பட்டியலில் சுமார் 2400 சொற்கள். அந்த உயரத்தில் மனனம் மட்டும் போதாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எப்படி மனனம் செய்வது என்பது முக்கியம். 'டிஷ் என்றால் மேசை' என்று எழுதுகிற கொப்பியை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு சிறிய அட்டையின் ஒரு பக்கத்தில் 'கதிரை' என்று தமிழில் எழுத வேண்டும். மறுபக்கத்தில் மூன்று விடயங்கள்: 'டேர் ஷ்டூல்' என்று பாலோடு ஒருமை, 'டீ ஷ்ட்யூலெ' என்று பன்மை, 'கதிரையில் இருக்கிறேன்' என்பதற்கான 'அவுஃப் டேம் ஷ்டூல்'. மூன்றையும் வாய்விட்டு ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பன்மையை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஜேர்மன் பன்மைக்கு ஒரே விகுதி கிடையாது. சிலவற்றில் எ, சிலவற்றில் எர், சிலவற்றில் என், சிலவற்றில் ஸ், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. இடையில் உயிரெழுத்தும் மாறும். டூடன் போன்ற அகராதியைத் திறந்தால் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால், ஆறாம் வேற்றுமை வடிவம், பன்மை ஆகியவை சேர்ந்தே இருக்கும். ஜேர்மன்காரரின் அகராதியே சொல்லைத் தனியே விடுவதில்லை.

அட்டைக்குப் பதிலாகத் தொலைபேசியில் 'அங்கி' என்ற செயலியைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ரொய்ட் தொலைபேசியில் இலவசம், இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும். மறந்துபோகும் சொல்லை அடிக்கடியும் தெரிந்த சொல்லை இடைவெளி விட்டும் காட்டும். வாழைச்சேனையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தப் பயண நேரமே போதும். ஆயத்தமாகக் கிடைக்கும் ஆங்கில அட்டைத் தொகுப்பைத் தரவிறக்குவதைவிடத் தமிழில் தாமே செய்துகொள்வது மேல். செய்யும்போதே பாதி மனதில் ஏறிவிடுகிறது.

பால் போடாமல் சொற்களை மட்டும் படித்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கும். தமிழ்–ஜேர்மன் சொல் வரிசைகள் சில 'டேர், டீ, டாஸ்' இல்லாமலே கைமாறுகின்றன. அதை நம்பி நூற்றுக்கணக்கில் படித்தவர் ஒவ்வொரு சொல்லையும் மறுபடி தொட வேண்டியிருக்கிறது. பழகிப்போன சொல்லில் புதிதாக ஒன்றை ஒட்டுவது புதிய சொல்லைப் படிப்பதிலும் கடினம்.

தாதியர் பயிற்சிக்காகப் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டார்:

"சேர், பால் பிழைத்தாலும் அவர்களுக்கு விளங்கும்தானே?"

"கடையில் விளங்கும், பிள்ளை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால்?"

அதை அவருக்கு இப்படி விளக்கினேன். நோயாளிக்கு முன்னால் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று குளிசை, 'டீ டப்லெட்டெ', பெண்பால். மற்றது இருமல் பாணி, 'டேர் ஹூஸ்டென்ஸாஃப்ட்', ஆண்பால். 'இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள்' என்று தாதி சொல்கிறார். தமிழில் 'இதை' என்பது இரண்டுக்கும் பொது. கையால் காட்டித்தான் பிரிக்க வேண்டும். ஜேர்மனில் 'நேமென் ஸீ ஈன்' என்றால் பாணி, 'நேமென் ஸீ ஸீ' என்றால் குளிசை. கேட்கிற வயோதிபர் அந்த ஒரு அசையை வைத்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்கிறார். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அட்டையில் பால் எழுதாமல் விட்டதில்லை.

விகுதி விதிகள்

இந்த விதிகள் உண்மையானவை. பலவற்றில் விலக்கே அரிது. 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்', 'ட்ஸியோன்', 'டேட்' என்று முடிகிற சொற்கள் பெண்பால். 'ஷென்', 'லைன்' என்று முடிந்தால் நடுப்பால். சிறுமி நடுப்பாலில் போனதும் இதனால்தான். 'லிங்', 'இஸ்முஸ்' என்று முடிந்தால் ஆண்பால். கிழமைகள், மாதங்கள், பருவங்கள் எல்லாம் ஆண்பால். வினையை அப்படியே பெயராக்கினால் நடுப்பால்: 'எஸ்ஸென்' என்றால் சாப்பிடுதல், 'டாஸ் எஸ்ஸென்' என்றால் சாப்பாடு.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த விதி கூட்டுச்சொல்லுக்கானது. எத்தனை சொற்கள் சேர்ந்தாலும் கடைசிச் சொல்லின் பாலே முழுச்சொல்லின் பால். தாதியர் துறையில் தினமும் வரும் மூன்று சொற்களைப் பாருங்கள். 'க்ராங்கென்ஹவுஸ்' வைத்தியசாலை, வீடு என்ற 'ஹவுஸ்' நடுப்பால், ஆகவே 'டாஸ்'. 'க்ராங்கென்ஷ்வெஸ்டர்' என்பது தாதிக்குப் பழைய பெயர். சகோதரி என்ற 'ஷ்வெஸ்டர்' பெண்பால், ஆகவே 'டீ'. 'க்ராங்கென்வாகென்' அம்புலன்ஸ், வண்டி என்ற 'வாகென்' ஆண்பால், ஆகவே 'டேர்'. முன்பாதி ஒன்றே, பால் மூன்று. 2020ஆம் ஆண்டு பயிற்சிமுறை மாறியபோது வந்த பதவிப் பெயர்களான 'ஃப்ளேகெஃபாக்ஃப்ராவ்', 'ஃப்ளேகெஃபாக்மான்' இரண்டும் அப்படியே: கடைசியில் பெண் வந்தால் 'டீ', ஆண் வந்தால் 'டேர்'. நமது கடலில் கிடைக்கும் சூரை மீன் 'டூன்ஃபிஷ்'. 'ஃபிஷ்' ஆண்பால் என்று தெரிந்தவருக்கு அதன் பாலைத் தேட வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவு பயனுள்ள விதிகளை ஏன் முதலில் வைக்கவில்லை? ஏ1 நிலைச் சொற்களைப் பார்த்தால் தெரியும். மேசை, கதிரை, கட்டில், கதவு, பாண், பால், புத்தகம், வீடு: 'டிஷ்', 'ஷ்டூல்', 'பெட்', 'ட்யூர்', 'ப்ரோட்', 'மில்ஷ்', 'புக்', 'ஹவுஸ்'. எல்லாம் ஓரசைச் சொற்கள். பிடித்துக்கொள்ள விகுதி எங்கே இருக்கிறது? 'வோனுங்', 'ட்ஸைட்டுங்' என்று வீடும் பத்திரிகையுமாகச் சில சொற்கள் மட்டும் விதிக்குள் வரும். நோய், சுதந்திரம், காப்புறுதி, விண்ணப்பம் போன்ற கருத்துச் சொற்கள் வரத் தொடங்கும் பி1 நிலையில்தான் விதிகள் தங்கள் பலனைத் தருகின்றன. அங்கே அவை இல்லாமல் 2400 சொற்களைச் சமாளிப்பது வீண் சுமை.

இடைநிலை விதிகளில் மட்டும் கவனம் வேண்டும். 'எ' என்று முடிகிற சொற்கள் பெரும்பாலும் பெண்பால்: 'டீ ஷூலெ', 'டீ ப்ரூக்கெ', 'டீ லகூனெ'. நமது பாடசாலையும் பாலமும் வாவியும் இதில் அடங்கிவிட்டன. ஆனால் பாலாடைக்கட்டி 'டேர் கேஸெ', கண் 'டாஸ் ஔகெ', பெயர் 'டேர் நாமெ'. 'எர்' என்று முடிந்தால் ஆண்பால் என்று சிலர் கற்பிக்கிறார்கள். தொழில் செய்பவரைக் குறிக்கும் 'லேரர்' போன்றவற்றில் அது சரி. யன்னல் 'டாஸ் ஃபென்ஸ்டர்', கத்தி 'டாஸ் மெஸ்ஸர்', பட்டர் 'டீ புட்டர்' என்று வரும்போது அந்த விதி காலை வாரிவிடும். அதை விதியாகப் படிக்காமலே இருப்பது நல்லது.

அட்டவணை

மூன்று பால், ஒரு பன்மை, நாலு வேற்றுமை. ஆகப் பதினாறு கட்டங்கள். இதை வாய்ப்பாடு போல 'டேர், டேன், டேம், டெஸ்' என்று ஒப்புவிக்கச் செய்யும் வகுப்புகள் இருக்கின்றன. ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளை பேசும்போது வசனத்தின் நடுவே நின்று, மனதுக்குள் மேலிருந்து கீழே வரிசையை ஓட்டிப் பார்க்கிறது. அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். எழுத்துக்கு உதவும், பேச்சுக்கு உதவாது.

அட்டவணையைப் பயமில்லாமல் பார்த்தால் அதற்குள் இருப்பது மிகக் கொஞ்சம். கட்டங்கள் பதினாறு, வடிவங்கள் ஆறு. இரண்டாம் வேற்றுமையில் மாறுவது ஆண்பால் மட்டும்: 'டேர்' போய் 'டேன்'. பெண்பாலும் நடுப்பாலும் பன்மையும் எழுவாயில் இருந்தபடியே இருக்கின்றன. நான்காம் வேற்றுமையில் ஆணுக்கும் நடுப்பாலுக்கும் 'டேம்', பெண்ணுக்கு 'டேர்', பன்மைக்கு 'டேன்'. பன்மைப் பெயரின் கடைசியில் பெரும்பாலும் ஒரு 'ன்' ஒட்டும். ஆறாம் வேற்றுமையில் ஆணுக்கும் நடுப்பாலுக்கும் 'டெஸ்', பெயரின் கடைசியில் ஒரு 'ஸ்'. மற்ற இரண்டுக்கும் 'டேர்'. பேச்சில் ஆறாம் வேற்றுமையின் இடத்தை 'ஃபொன்' என்ற இடைச்சொல் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதால் ஏ1 படிக்கிறவர் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதத்தில் 'டேர், டேன்' என்ற ஒரு மாற்றம், அடுத்த மாதத்தில் 'டேம், டேர்' என்ற இரண்டு வடிவங்கள். இவ்வளவுதான்.

அட்டவணையில் எழுதப்படாத இரண்டு சிக்கல்கள் தமிழ்க் காதுக்கு உண்டு. நாம் வேற்றுமையைச் சொல்லின் கடைசியில் கேட்டுப் பழகியவர்கள்: மேசையை, மேசைக்கு, மேசையின். ஜேர்மனில் பெயர் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. மாற்றம் முன்னால் வரும் சிறு சொல்லில் நடந்து முடிந்துவிடுகிறது. நாம் காதைத் தீட்டிக்கொண்டு கடைசிக்குக் காத்திருக்கும்போது செய்தி கடந்து போய்விடும். இரண்டாவது, 'டேன்' என்பதற்கும் 'டேம்' என்பதற்கும் இடையிலான வித்தியாசம். அறம், அறன், நிலம், நிலன் என்று கடைசி மகரம் னகரமானாலும் பொருள் மாறாது என்று கடைப்போலி படித்தவர்கள் நாம். ஜேர்மனில் அந்த ஒரு மெய்யெழுத்து வேற்றுமையையே மாற்றிவிடுகிறது. இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று: டொய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனத்தின் இலவசப் பாட ஒலிப்பதிவைப் போட்டு, வேறெதையும் எழுதாமல், காதில் விழும் 'டேர், டேன், டேம்' ஆகியவற்றை மட்டும் வரிசையாக எழுத வேண்டும். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட வேண்டும். தொடக்கத்தில் பாதிக்கு மேல் தவறும். சில வாரங்களில் காது முன்பக்கம் திரும்பிவிடும்.

வசனமாகவே பிடித்தல்

இலக்கணம் வேண்டாம், கேட்டுக் கேட்டுப் பேசு என்று சொல்கிறவர்கள் ஜேர்மனியில் பிறந்த நமது உறவினர்களின் குழந்தைகளைக் காட்டுகிறார்கள். அந்தக் குழந்தைகள் பாலர் பாடசாலையில் நாள் முழுவதும் அந்த மொழியைக் கேட்கிறார்கள். ஆரையம்பதியிலோ காரைதீவிலோ இருந்து படிக்கிறவருக்குக் காதில் விழும் ஜேர்மன் வகுப்பு நேரத்தோடும் தொலைபேசியோடும் சரி. அந்த அளவில் எதுவும் தானாக வராது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 'டேர்' என்ற ஒரே வடிவம் நாலு வேலை செய்கிறது: ஆண்பால் எழுவாய், பெண்பால் நான்காம் வேற்றுமை, பெண்பால் ஆறாம் வேற்றுமை, பன்மை ஆறாம் வேற்றுமை. 'இன் டேர் ஷூலெ' என்று கேட்டுப் பழகிய பிள்ளை பாடசாலையை ஆண்பால் என்று முடிவு கட்டி, 'டேன் ஷூலெ' என்று எழுதுகிறது. 'மிட் டேர் முட்டர்' என்று கேட்டாலும் தாய் பெண்பால்தான் என்பது அறிவுக்குத் தெரியும், காப்பாற்றும். பாடசாலைக்கும் பாலத்துக்கும் அப்படிக் காப்பு இல்லை.

ஆனால் பால் ஏற்கனவே தெரிந்த சொல்லுக்கு வசனத் துண்டு மிகச் சிறந்த மருந்து. 'மிட் டேம் புஸ்', பஸ்ஸில். 'ட்ஸும் ஆர்ட்ஸ்ட்', வைத்தியரிடம். 'இம் க்ராங்கென்ஹவுஸ்', வைத்தியசாலையில். 'ஆம் மோன்டாக்', திங்கட்கிழமை. ('ட்ஸும்', 'இம்', 'ஆம்' மூன்றிலும் 'டேம்' ஒளிந்திருக்கிறது.) இவற்றை உடைக்காமல் ஒரே சொல் போலப் பழகினால் வாய் தடுமாறாது. கல்லடிப் பாலத்தை வைத்து நான் ஒரு சோடி சொல்லிக் கொடுப்பதுண்டு: பாலத்தில் நிற்கிறேன் என்றால் 'அவுஃப் டேர் ப்ரூக்கெ', பாலத்தைக் கடந்து போகிறேன் என்றால் 'யூபர் டீ ப்ரூக்கெ'. இரண்டாவதில் தமிழிலும் ஐ உருபு வந்திருப்பதைக் கவனியுங்கள். தினமும் அந்தப் பாலத்தைக் கடக்கிறவர்கள் இந்த இரண்டையும் பிறகு குழப்புவதில்லை.

ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, நடுப்பாலுக்குப் பச்சை என்று நிறம் கொடுப்பது பல பாடநூல்களில் இருக்கிறது. பிடித்தவர்கள் அட்டையில் அந்த நிறப் பேனாவால் எழுதலாம், கெடுதல் இல்லை. பேசும்போது நிறம் கண்முன் வருகிறவர் சிலர், வராதவர் பலர்.

யாருக்கு எது

குடும்ப இணைவுக்காக ஏ1 எழுதுகிறவருக்கு நான் சொல்வது: அட்டையும் வசனத் துண்டும் போதும். கோதே நிறுவனத்தின் ஏ1 பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதிகள். சித்திக்கு நூற்றுக்கு 60 புள்ளி. எழுத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சுமார் 30 சொற்களில் ஒரு சிறு செய்தி எழுத வேண்டும். அங்கே ஒரு 'டேர்' பிழைத்ததற்காக யாரும் தோற்பதில்லை. அந்தப் பயத்தில் அட்டவணையோடு மல்லுக்கட்டி, கேட்டல் பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் சங்கடப்படுகிறார்கள். விகுதி விதிகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். சில நூறு பெயர்ச்சொற்கள், ஒவ்வொன்றும் பாலோடு, ஆண்பாலுக்கு 'டேன்', பழகிய துண்டுகளில் 'டேம்'. இவ்வளவுடன் கொழும்புக்குப் பரீட்சைக்குப் புறப்படலாம். கொழும்பில் தங்கி முழுநேர வகுப்பில் படிக்க வசதியுள்ளவருக்குக் காதுப் பயிற்சி அதிகம் கிடைக்கும். ஆனால் அட்டை வேலையை எந்த வகுப்பும் அவருக்காகச் செய்துதராது, அதை இங்கேயிருந்தும் செய்யலாம்.

பி1, பி2 வரை போகிறவர் முதல் நாளிலிருந்தே வேறு மாதிரித் தொடங்க வேண்டும். அவருக்கும் அட்டைதான் அடித்தளம். ஏ2 தொடங்கும்போது கூட்டுச்சொல் விதியையும் 'உங்', 'ஹைட்', 'கைட்' விதிகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே கட்டத்தில் அட்டவணையைத் தானே வெற்றுத் தாளில் வரைந்து நிரப்பிப் பார்க்கலாம். அப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் வாயில் ஒரு வசனம் இருக்கும் என்பதால் அது மனனமாக இராது. உரிச்சொல்லின் விகுதிகள் வரும்போது பால் தெரியாதவர் முற்றாக நின்றுவிடுகிறார், தெரிந்தவர் மெதுவாகவேனும் நகர்கிறார்.

தாதியர் துறைக்குப் போகிறவர் ஒன்றைத் தனியாகப் படிக்க வேண்டும். பெயர் அசையாமல் நிற்கும் என்று மேலே சொன்னதற்கு ஒரு சிறு கூட்டம் விலக்கு. ஆண்பால் சொற்கள் சில எழுவாய் தவிர்ந்த எல்லா இடத்திலும் கடைசியில் 'என்' அல்லது 'ன்' சேர்த்துக்கொள்கின்றன. மாணவன் 'ஷ்டுடென்ட்', சக ஊழியர் 'கொல்லேகெ', திருவாளர் என்ற 'ஹெர்', மனிதன் என்ற 'மென்ஷ்' எல்லாம் இதில் சேர்த்தி. நோயாளியும் இதில்தான்: 'டேர் பாட்ஸியென்ட்' வந்தார், 'டேன் பாட்ஸியென்டென்' பார்த்தேன், 'டேம் பாட்ஸியென்டென்' உதவினேன். அவர் வேலையில் நாள் முழுவதும் வாயில் வரப்போகும் சொல் இது. அட்டையில் மூன்று வடிவங்களையும் எழுதி, 'நோயாளி வந்தார், நோயாளியைப் பார்த்தேன், நோயாளிக்கு உதவினேன்' என்ற தமிழ் வரிசையைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பழகட்டும்.